மேலே வைக்கிற பீஸ்

அருள்புரம்,
புரட்டாசி 18, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் பிரதீப்புக்கும் மருமகள் தேஜஸ்ரீக்கும் அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே நல்லபடியாக இருக்கிறேன், கால் முட்டி மட்டும் படி ஏறும்போது வயசை ஞாபகப்படுத்துகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும், வயிற்றில் இருக்கிற மூன்றாவது ஆளும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க மாகாளியம்மன் துணை இருப்பாள். என்னடா அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று பயப்படாதே சாமி. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், போனில் என்றால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், எனக்குக் கோர்வை விட்டுப்போகும், அப்புறம் நீயும் அழுவாய் நானும் அழுவேன், காசு ஓடிக்கொண்டிருக்கும். எப்படியும் பார்சல் போடப் போகிறேன், அதற்குள் வைத்துவிட்டால் நீ உட்கார்ந்து நிதானமாகப் படிப்பாய். அஞ்சாவது வரைக்கும் படித்த கை, கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

பார்சலில் கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, நிலக்கடலை உருண்டை வைத்திருக்கிறேன். கொள்ளுப் பொடியை அம்மிணிக்குக் கொடுக்காதே, சூடு, அது உனக்கு. அடியில் ஒரு பையில் குழந்தைச் சட்டை எட்டு இருக்கிறது, மயிலாள் தன்னுடைய பழைய கம்பெனியில் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். பக்கத்து ஊட்டு மயிலாள்தான், இப்போது எங்கள் பனியன் கம்பெனிச் செக்கிங்கில் என் டேபிளுக்கு எதிர் டேபிளில் நிற்கிறாள். எட்டையும் நானே பார்த்துப் பிசிறு வெட்டியிருக்கிறேன், கழுத்தில் இருந்த லேபிளையும் பிரித்துவிட்டேன். ஒரு மாசம் வரைக்கும் சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போடுங்கள். தையல் மடிப்பு பச்சை உடம்பில் உறுத்தும், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், பிள்ளைக்கு அழகு முக்கியமில்லை. தேஜஸ்ரீ அம்மிணி, நீ மத்தியானத்தில் ஒரு மணி நேரம் இடது பக்கமாகச் சாய்ந்து படு, கம்ப்யூட்டர் முன்னால் ஒரேயடியாக உட்காராதே. கால் வீங்கினால் டாக்டரிடம் சொல்லிவிடு, எல்லாருக்கும் வருகிறதுதானே என்று இருந்துவிடாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். அப்புறம் நாலு நாள் எடுக்கவில்லை, எடுத்த பிறகும் சாப்பிட்டேன் தூங்கினேன் என்றுதான் பேசினேன். உனக்கு மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. அம்மா, உனக்குன்னு கார்டு எடுத்துக் கொடுத்துப் பதினோரு மாசம் ஆச்சு, மாசாமாசம் பில் சைபர்னு வருது, நீ என்னத்தைச் சாப்பிடறே என்று கேட்டாய். சம்பளக் காசு போதும் கண்ணு என்றேன். அப்புறம் நீயே யோசித்து, அப்பா கணக்குல இருந்தா கட்டிட்டு இருக்கறே, பேங்க்ல இன்னும் சொல்லலியா, செத்தவங்க கணக்குல இருந்து எடுக்கக் கூடாதும்மா என்றாய். அந்த ஒரு வார்த்தைதான் கண்ணு. ஊரே அப்படித்தான் சொல்கிறது, சர்டிபிகேட்டிலும் அதுதான் இருக்கிறது, ஆனால் நீ சொல்லி நான் கேட்டதில்லை. கை தானாகப் போனை வைத்துவிட்டது. உன் கார்டில் ஒரு தடவைகூடக் கட்டவில்லை, பருப்பு டப்பாவுக்கு அடியில் கவரோடு இருந்தது. ஏன் கட்டவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நீ ரெண்டு வருசத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது, உங்கப்பா சந்தைக்குப் பனியன் பீஸ் கட்டிக்கொண்டிருந்தார், நீ கூட உட்கார்ந்து மடித்துக் கொடுத்தாய். அப்போது அவர், ஏங் கண்ணு, அங்க நீ என்ன வேலைதான் பாக்கறே, கேக்கறவங்களுக்கு நான் கம்ப்யூட்டர்னு சொல்லியே சமாளிக்கறேன் என்று கேட்டார். நீ விளக்கமாகச் சொன்னாய். ஜனங்கள் கம்ப்யூட்டரிலும் போனிலும் சாமான் வாங்குகிறார்கள், கடைசியில் காசு கட்டுகிற பக்கத்தைக் கடைக்காரர்களுக்கு எங்கள் கம்பெனி செய்து கொடுக்கிறது. கார்டில் கட்டினால் கார்டுக்காரர்கள் நடுவில் ஒரு பங்கு பிடித்துக்கொள்வார்கள், பேங்கிலிருந்து நேராகக் கட்டினால் அந்தப் பங்கு மிச்சம். அதனால் பேங்கை மேலே பெரிசாக வைக்கிறோம், கார்டைக் கீழே ஒரு பட்டனுக்குள்ளே வைக்கிறோம், எதை எங்கே வைத்தால் எத்தனை பேர் எதை அமுக்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை என்றாய். உங்கப்பா மடித்த பீஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா. இதுக்கா சாமி ஏரோப்ளேன் ஏறிப் போனே, முப்பது வருசமா சந்தையில நான் பண்றது இதானே என்றார். கம்பெனியில் கழித்த செகண்ட்ஸ் பனியனைக் கிலோக் கணக்கில் எடுத்து வந்து, நல்ல பீஸ் நாலை மேலே வைத்து, கறை பட்டதையும் ஓட்டை விழுந்ததையும் அடியில் வைத்துத்தானே கட்டுவார். மேலே இருக்கிற பீஸைத்தான் கை எடுக்கும் என்பார். அதற்கப்புறம் சேவூர்ச் சந்தையில் யார் கேட்டாலும், எம்பையன் அங்க மேல் பீஸ் வைக்கற வேலை பாக்கறானுங்க என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் நீ அங்கேயும் பனியன் கம்பெனியில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர் போன ரெண்டாவது மாசம் முட்டிக்குப் போடுகிற பட்டையை ஆன்லைனில் எடுத்துக்கொள், கார்டில் கட்டு என்று நீ சொன்னாய் அல்லவா. கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன். போன் அவருடையது. பட்டையைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டுகிற பக்கம் வந்தது. மேலே பச்சைக் கலரில் பேங்கிலிருந்து கட்டினால் நாற்பது ரூபாய் குறைவு என்று போட்டிருந்தது. கார்டு எங்கே என்று தேடினேன், கண்ணில் படவே இல்லை, எங்கேயோ அடியில் மற்ற வழிகள் என்று சின்ன எழுத்தில் ஒன்று இருந்தது. நீ செய்கிற வேலைதான் இது என்று நினைத்துக்கொண்டேன், நம் பையன் மேலே வைத்ததையே எடுப்போம் என்று அதை அமுக்கினேன். நாலு நம்பர் கேட்டது. அவர் எனக்கு ஸ்கேன் பண்ணச் சொல்லிக் கொடுத்த அன்றே நம்பரையும் சொல்லியிருந்தார், அவர் மொபெட் நம்பர்தான். அமுக்கினேன். ஒரு டிக் மார்க் வந்தது, அதற்குக் கீழே செலுத்தியவர் லிங்கசாமி என்று வந்தது. தமிழிலேயே வந்தது கண்ணு. எரித்து ரெண்டு மாசம் ஆன மனுசன், எனக்கு முட்டிக்குப் பட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் அப்படியே சுவரோடு சாய்ந்து அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன் தானாக அணைந்தது, மறுபடி தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. அய்யாசாமி கடையில் தீப்பெட்டி வாங்கினாலும் ஸ்கேன்தான். முதல் தடவை அவர் தன் போனைப் பார்த்து வழக்கம்போல, லிங்கசாமியண்ணன் இருவத்தஞ்சு ரூவா அனுப்பிச்சிருக்காருங்கோ என்று சத்தமாகப் படித்துவிட்டார். படித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கங்கக்கா, வாய் தவறிருச்சு என்றார். நான், இருக்கட்டுங்க, அனுப்புனது அவருதானுங்களே என்றேன். அவரும் புரிந்துகொண்டாரோ என்னவோ, அப்புறம் தினமும் மறக்காமல் படித்தார். லிங்கசாமியண்ணன் பன்னெண்டு ரூவா. லிங்கசாமியண்ணன் முப்பது ரூவா. அந்தப் பேரை வேறு யார் வாயிலும் நான் கேட்க முடிகிறதில்லை, எல்லாரும் எனக்காகப் பயந்து ஊட்டுக்காரர் என்றும் அவர் என்றும் சொல்கிறார்கள். ஒரே தடவையில் வாங்குகிற சாமானை நான் மூன்று தடவையாக வாங்க ஆரம்பித்தேன். காலையில் கறிவேப்பிலை, மத்தியானம் உப்பு, பொழுதோட தயிர். மயிலாள், ஏனக்கா, நாளைக்கு மூணு தடவை போறியே, கடையை எழுதி வாங்கப் போறயா என்று கேலி செய்தாள். ஒரு தடவை திருப்பூரில் பெரிய கடையில் குக்கர் வாங்கப் போனபோது உனக்காக வேண்டிக் கார்டை நீட்டத்தான் செய்தேன். கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேத்தி வருமுங்கம்மா, ஸ்கேன் பண்ணிருங்க என்றான் கல்லாவில் இருந்த பையன். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். நான் ஆசைப்படுகிறதையே எல்லாரும் மேலே மேலே வைத்துக் கொடுக்கும்போது நான் என்ன செய்யட்டும்.

இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். கல்யாணம் ஆன வருசத்திலிருந்து சனிக்கிழமைச் சம்பளத்தை நான் கவர் பிரிக்காமல் உங்கப்பா கையில்தான் கொடுப்பேன், உனக்கே தெரியும். அவர் கவரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதிலிருந்து பத்து ரூபாயை எடுத்து, பூ வாங்கிக்க என்று திருப்பிக் கொடுப்பார். கடைசி நாலஞ்சு வருசம் இருபதாக்கியிருந்தார். அவர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. கருமாதி முடிந்து போன முதல் சனிக்கிழமை சம்பளக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனி கேட்டில் நின்றேன். இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை கண்ணு. ஊட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பேங்க் மெசினில் பணம் போடலாம் என்று அவர் சொல்லிக் கொடுத்திருந்தார், பஸ் ஏறிப் போய் அவர் கணக்கு நம்பரை அமுக்கி, கவரில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டேன். போட்டுவிட்டு வந்து பூக்காரம்மாவிடம் இருபது ரூபாய்க்குப் பூ கடன் வாங்கினேன், ஸ்கேன் பழகிய பிறகு அதுவும் அவர் கணக்கிலிருந்துதான். பூ எனக்கு எதற்கு, அவர் படத்துக்குத்தான். இந்தப் பதினோரு மாசமும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. தப்பு என்று தெரியாமல் இல்லை. பேங்கில் சொன்னால் கணக்கை மூடிவிடுவார்கள், மூடினால் அந்தப் பேர் வராது. அவ்வளவுதான் என் பயம். காசைப் பற்றி நான் பயப்படவில்லை.

நீ போனில் சொன்ன பிறகு திருந்தியிருக்க வேண்டும். வீம்பு வந்துவிட்டது. வருசத் தெவசத்துக்கு அவர் படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று இருந்தேன், அதை அடுத்த நாளே ஆன்லைனில் சொன்னேன். நீ எடுத்த படம்தான், சந்தையில் தோளில் பனியனைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறது. அங்கேயும் மேலே பேங்க், எழுபத்தஞ்சு ரூபாய் குறைவு. அமுக்கினேன். செலுத்தியவர் லிங்கசாமி. மாலை போடுகிற படத்துக்கு அவரே காசு கட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கே சுருக்கென்றது, ஆனாலும் விடவில்லை. படம் அஞ்சு நாளில் வந்தது, நன்றாக இருக்கிறது. வந்த மறுநாள் காலையில் அய்யாசாமி கடையில் தயிருக்கு ஸ்கேன் பண்ணினால் போகவில்லை. மறுபடி பண்ணினேன், போகவில்லை. சிவப்பாக ஏதோ வந்தது. அய்யாசாமி, நெட்டு இருக்காதுங்கக்கா, பொழுதோட குடுங்க என்றார். பொழுதோடவும் போகவில்லை. பழைய கணக்கு, கணக்குக்காரர் நேரில் வந்து சரிபார்க்க வேண்டும் என்று பேங்கிலிருந்து மெசேஜ் வந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை சாமி. போன ஐப்பசியில் என்ன ஆச்சோ அதேதான் மறுபடி ஆன மாதிரி இருந்தது.

பேங்குக்குப் போனேன். சித்ராதேவி என்று ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு, ஐயாவை ஒரு எட்டு கூட்டிட்டு வாங்கம்மா, கைரேகை வெச்சாப் போதும், அஞ்சு நிமிசம் என்றாள். என் வாய் என்ன சொன்னது தெரியுமா, அவரு சந்தைக்குப் போயிட்டாருங்க என்றது. சரிங்கம்மா, வந்ததும் கூட்டிட்டு வாங்க என்றாள். வந்துவிட்டேன். வெளியே வந்து நின்றால் நெஞ்சு லேசாக இருந்தது, ஒரு ஆள் அவர் சந்தைக்குப் போயிருக்கிறார் என்று நம்புகிறாளே என்று. திங்கட்கிழமை மறுபடி போனேன். ஐயா இன்னிக்கும் வர்லீங்களா என்றாள். சோமனூர்ப் பக்கம் போயிட்டாருங்க, தீபாவளி வருதில்லீங்க, யாவாரம் ஓடற நேரம் என்றேன். பொய் சொல்லச் சொல்ல அது பொய்யாகவே தெரியவில்லை, கேரியரில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவர் போகிறது கண்ணில் தெரிந்தது. வியாழக்கிழமை மூன்றாவது தடவை போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா, ஐயாவுக்கு நடக்க முடியாதுங்களா, அதுனாலதான் சந்தைன்னு சொல்றீங்களா, வெக்கப்படாதீங்க, நானே மெசினை எடுத்துட்டு ஊட்டுக்கு வர்றேன், அருள்புரம் நான் போற வழிதானுங்க என்றாள்.

திட்டியிருந்தால் இன்னும் நாலு வாரம் சமாளித்திருப்பேன் கண்ணு. இப்படிக் கேட்டதும் எனக்கு ஓட இடமில்லாமல் போச்சு. அந்தப் பெண் மெசினைத் தூக்கிக்கொண்டு நம் ஊட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாள், ஐயா எங்கீங்க என்று கேட்கிறாள், எதிரே மாலை போட்ட படம். அதை நினைத்துப் பார்த்தேன். நீங்க வந்தா அவரைப் பாக்கலாமுங்க, ஆனா கைரேகை வெக்க மாட்டாருங்க என்றேன். சொல்லிவிட்டுப் பையில் கையைவிட்டு அந்தச் சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுத்தேன். பதினோரு மாசமாகப் பாஸ்புக்கோடு மடித்து அதே பையில்தான் இருந்தது, மூன்று தடவையும் அதோடுதான் போனேன், அதோடுதான் வந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே படித்தாள். அப்புறம் உள்ளே போய்ப் பாஸ்புக்கை மெசினில் விட்டு எடுத்தாள், ரெண்டு பக்கம் முழுக்க அச்சாகி வந்தது. வரி வரியாக விரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் யாருங்கம்மா கட்டுனது என்று கேட்டாள். நான்தானுங்க, என் சம்பளமுங்க, கலியாணம் ஆனதிலிருந்து அவர்கிட்டத்தானுங்க குடுப்பேன் என்றேன். அவள் பாஸ்புக்கை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்தாள். செத்தவங்க கணக்குல இருந்து எடுக்கறவங்களை நிறையப் பாத்திருக்கேனுங்கம்மா, போடறவங்களை இப்பத்தான் பாக்கறேன் என்றாள். நீ சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. கவுண்டரில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், வாட்டர் கேன் பக்கத்தில் இருந்த காவலாளி பெரியவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எடுத்தது தப்புத்தானுங்க, இனிமே அந்தப் போன்ல அந்த நம்பரை அமுக்கக் கூடாது, ஆனா போட்டதைவிட எடுத்தது கம்மி, நாமினியும் நீங்கதான், மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன் என்று அவளே எல்லாம் செய்தாள். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கேட்டாள், எழுதிக் கொடுத்தேன். என் கணவர் லிங்கசாமி காலமாகிவிட்டார் என்று என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. உன் கையெழுத்தும் வேண்டுமாம், ஒரு பாரம் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், பென்சில் கோடு போட்ட இடத்தில் போட்டு அனுப்பு. என் பேரில் ஒரு கணக்கும் திறந்துவிட்டாள், அவர் பேரில் இருந்தால் போதும் என்று நான் இதுநாள் வரைக்கும் இருந்துவிட்டேன். இனிசியல் என்னங்கம்மா என்றாள். லி என்றேன். உன் கார்டைக் காட்டி இது என்னவென்றும் கேட்டேன், இங்கிலீசு எழுத்து எனக்குத் தெரியாதே. அவள் விரலை வைத்துப் படித்தாள், ராமாத்தாள் எல். பதினோரு மாசம் பருப்பு டப்பாவுக்கு அடியில் நான் போட்டு வைத்தது அவரையுந்தான் போலிருக்கிறது.

கண்ணு, உன்னை ஒன்று கேட்கிறேன், படிக்காதவள் சொல்கிறாள் என்று தள்ளாதே. நீ மேலே வைக்கிற வேலை செய்கிறாய், அது யாவாரம், அதில் தப்பில்லை. கார்டுக்காரனுக்குப் போகிற காசு கடைக்காரனுக்கு மிச்சமானால் நல்லதுதானே. ஆனால் உங்கப்பா மேலே நல்ல பீஸை வைத்துக் கட்டினாலும், வாங்க வந்தவர் காசை எடுக்கும் முன்னால் கட்டை அவிழ்த்து அடியில் இருக்கிறதையும் விரித்துக் காட்டுவார். இதுல ஓட்டை இருக்குதுங்க, இதுல கறை இருக்குதுங்க, பாத்து எடுங்க என்பார். அதனால்தான் முப்பது வருசம் அதே சந்தையில் உட்கார முடிந்தது. நீயும் அப்படிச் செய். மேலே எதை வேண்டுமானாலும் வை, அடியில் இருப்பது என்னைப் போல விவரம் தெரியாதவள் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வை. பேங்கில் நேராகக் கட்டினால் காசு போனது போனதுதான், சாமான் சரியில்லை என்றால் அலைய வேண்டும், கார்டென்றால் கேட்க ஒரு வழி இருக்கிறது என்று சித்ராதேவி சொன்னாள். அது உனக்குத் தெரியாததா. அந்த எழுபத்தஞ்சு ரூபாய்க்குப் பக்கத்தில் அதையும் ஒரு வரி எழுதிப் போட்டால் என்ன.

நேற்று சனிக்கிழமை அய்யாசாமி கடையில் புதுக் கணக்கிலிருந்து முதல் தடவை ஸ்கேன் பண்ணினேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ராமாத்தாளக்கா இருவது ரூவா வந்துருச்சுங்க என்றார். என் பேரை யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. நாளைக்குப் பார்சல் ஆபீசில் உன் கார்டைத்தான் கொடுக்கப் போகிறேன். ஏற்கனவே போய் எடை போட்டுக் கேட்டுவிட்டேன், ஸ்கேன் பண்ணுனா இதுதானுங்க, கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேத்தி வருமுங்க என்றான் அங்கே இருந்த பையன். வரட்டும் என்று சொல்லிவிட்டேன். கார்டை நான் தேய்த்தால் உனக்கு மெசேஜ் வரும் என்று சொன்னாய் அல்லவா. நீ இதைப் படிக்கும்போது அந்த மெசேஜ் வந்து பல நாள் ஆகியிருக்கும். இனிமேல் மாசத்துக்கு ரெண்டு மூன்று தடவையாவது வரும், அரிசி வாங்கினால் வரும், மாத்திரை வாங்கினால் வரும். வந்தால் அம்மா சாப்பிடுகிறாள் என்று தெரிந்துகொள், பில் சைபர் என்று இனிமேல் கவலைப்படாதே.

தெவசம் ஐப்பசி அமாவாசைக்கு முந்தின வாரம் வருகிறது. நீ வர முடியாது, அம்மிணியை இந்த நிலையில் விட்டுவிட்டு வரவும் கூடாது, வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். அன்றைக்கு அங்கேயே ஒரு இலையில் சோறு வைத்து அப்பா என்று கூப்பிடு, அவருக்குக் கேட்கும். படம் வந்த பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் பிரித்து இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், வாங்கியவர் லிங்கசாமி என்று அச்சடித்திருக்கும். அவர் கடைசியாக வாங்கியது அது. பத்திரமாக வை, பேரனோ பேத்தியோ வந்து கேட்டால் காட்டு.

மறக்காமல் ஒன்று செய் சாமி. இனிமேல் சனிக்கிழமை பொழுதோட ஏழு மணிக்குப் போன் பண்ணு, உனக்கு அங்கே மத்தியானமாக இருக்கும். ரெண்டு நிமிசம் போதும். சம்பளக் கவரைப் பிரிப்பதற்கு முன்னால், வாங்கிவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். நீ பூ வாங்கிக்கம்மா என்று சொன்னால் போதும், காசு என்னிடம் இருக்கிறது.

தேஜஸ்ரீ அம்மிணிக்குத் திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுவிடு. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருசம் இருங்கள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அம்மா
லி. ராமாத்தாள்